தேவதானத்துப் பள்ளமும் ஏழாவது விதியும்

கூழைக்கடாப் பறவைகளைப் பார்க்கத்தான் போனேன். தேவதானம் பக்கம் ஒரு பட்டா நிலத்துப் பள்ளத்தில் அவை இறங்கியிருப்பதாக வாசகர் ஒருவர் என் வலைப்பூவில் பின்னூட்டம் போட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, இந்தத் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன்.

மாட்டுத்தாவணியில் காலை 5.40க்குப் பேருந்து. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இட்லி சாப்பிட்டேன். அங்கிருந்து ராஜபாளையம் பதினொரு கிலோமீட்டர். மதுரையிலிருந்து அதுவரை பேருந்துக்கு மொத்தம் 90 ரூபாய். பிறகு தேவதானத்துக்கு 16 கிலோமீட்டர் டவுன் பஸ்; பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 9.30க்குப் பள்ளத்தின் கரையில் நின்றேன். இரண்டு ஏக்கர் தண்ணீர், பதினொரு கூழைக்கடா. பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் பூசிய மனைக்கற்கள் வரிசையாக நின்றன.

நிலத்துக்காரி பாண்டியம்மாள் மோர் கொடுத்தார். அவர் கணவர் முத்தையா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து திரும்பிய அவர், சம்மதப் படிவத்தைக் கொடுத்தாகிவிட்டது என்றார். நான் டீச்சர் என்று தெரிந்ததும் பாண்டியம்மாள் அதன் நகலை என் கையில் திணித்தார்.

விஷயம் இதுதான். ஈரநிலத்தைக் காக்க அரசு வரைவு விதிகள் போட்டிருக்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்கும். மேடாக்க மாட்டோம், மனை போட மாட்டோம் என்று காலத்துக்கும் பதிந்து கொடுத்தால் ஆண்டுதோறும் ஒரு தொகை வரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஏழாவது விதியை நான் வாசித்துக் காட்டியதும் பாண்டியம்மாள் முகம் மாறிவிட்டது. ‘நிலத்திலிருந்து மண் எடுத்தல் எக்காலத்தும் கூடாது.’

"சித்திரையில தண்ணி வத்துன பொறவு கரம்பை மண்ணு அள்ளி மேல்காட்டுக்கு உரமாப் போடுவோம் டீச்சர். அள்ளாம விட்டா நாலு வருசத்துல பள்ளம் தூந்துரும். தண்ணி எங்கன நிக்கும், கொக்கு எங்கன வரும்?" என்றவர் கணவர் பக்கம் திரும்பினார். "படிச்சுப் பாக்காமலா கையெழுத்துப் போட்டீய?"

"சர்க்கார் தாளு. இன்டு மார்க் போட்ட எடத்துல கையெழுத்தப் போட்டேன்" என்றார் முத்தையா. பட்டாளத்தில் அவருக்குப் பழகிய வழக்கம் அது. எனக்குக் கோபம்தான் வந்தது.

கொடுத்த சம்மதத்தை மாற்றிக்கொள்ள அன்று மாலை ஐந்து மணிவரைதான் நேரம். சம்மதத்தை அடியோடு விலக்கினால் ஆண்டுத் தொகை வராது, பள்ளத்தை மனைக்காரர்களுக்கு விற்பதைத் தவிர வழியில்லை. அப்படியே விட்டால் பள்ளம் தானாகவே தூர்ந்துபோகும். 3.20க்கு மூவரும் ராஜபாளையம் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்தோம், 450 ரூபாய். சேத்தூரில் சாலை வேலை, இருபத்தைந்து நிமிடம் நின்றோம். டிரைவர், "செத்த நேரம் பொறுங்க, போயிரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மடியில் தாளை வைத்து மனு எழுதினேன். முதல் பத்தி முழுக்கக் கூழைக்கடாவின் அழகு.

பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தார். "அத அடிங்க டீச்சர். மண்ணப் பத்தி எழுதுங்க."

அலுவலகத்துக்குள் நுழையும்போது மணி 4.35. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். "சம்மதம், சம்மதமில்லை, ரெண்டுதாம்மா. நிபந்தனை எழுத படிவத்துல இடமே கிடையாது."

"சம்மதந்தான் சார். மண்ணு மட்டும் வருசத்துக்கு ஒருக்க அள்ளிக்கிடுவோம்" என்றார் பாண்டியம்மாள்.

"அதுக்குத்தாம்மா தடையே. மண் கொள்ளைன்னு புகார் போய்த்தான் ஏழாவது விதி வந்துச்சு" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். அதில் ஒரு படம்: வறண்ட பள்ளம், நடுவில் டிராக்டர், பின்னால் மலை. கீழே என் வலைப்பூவின் பெயர்.

போன சித்திரையில் குற்றாலம் போகும் வழியில் காரை நிறுத்தி நான் எடுத்த படம் அது. ‘பட்டப்பகலில் மண் கொள்ளை’ என்று காரசாரமாகத் தலைப்பும் போட்டிருந்தேன். இருநூறு பேர் பகிர்ந்தார்கள் என்று பெருமைப்பட்டது வேறு.

"இது எங்க டிராக்டருல்லா!" என்றார் முத்தையா.

மணி 4.46. சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. "நான்தான் எடுத்தேன்" என்றேன். முத்தையா தலையைக் குனிந்துகொண்டார். பாண்டியம்மாள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

"அப்ப அதையும் எழுதுங்க. எழுதிட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்க" என்றார்.

எழுதினேன். படம் என்னுடையது, தலைப்பு தவறு, மண் அள்ளுவதால்தான் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று எழுதினேன். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அதிகாரி இரண்டு முறை படித்தார். "மேல அனுப்புறேன். இது போயிட்டு வர்ற வரைக்கும் உங்க சம்மதம் நிலுவைல இருக்கும். மத்தபடி என்னால எதுவும் சொல்ல முடியாது" என்று 4.54க்கு முத்திரை குத்தினார்.

இன்னும் பதில் வரவில்லை. மனைக்காரர்கள் வாரம் ஒருமுறை வந்து விலையை ஏற்றிக் கேட்கிறார்களாம். வரைவுக்குக் கருத்துச் சொல்ல நமக்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. அந்தந்த நிலத்தின் வழக்கமான வேலைகளை நிலத்துக்காரரிடம் கேட்டு ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். பழைய பதிவை நான் அழிக்கவில்லை. அதன் தலையில் இந்தக் கதையைச் சேர்த்திருக்கிறேன். இதுவரை நான்கு பேர் பகிர்ந்திருக்கிறார்கள்.

போகிறவர்கள் மாசிக்குள் போய்விடுங்கள், காலை எட்டுக்கு முன் வெளிச்சம் நன்றாக இருக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். சித்திரையில் போக நேர்ந்து, பள்ளத்துக்குள் டிராக்டர் நிற்பதைப் பார்த்தால், படம் எடுக்குமுன் இறங்கிப் போய் என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். நான் காரை விட்டு இறங்கவே இல்லை.