கன்னடத்தில் அவள் போகவில்லை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் மொத்தமும் ஒரு பேயின்மேல் உயிரையே வைத்திருந்தன. தினமும் சாயங்காலம் டி.வி.யில் வரும் தொடர் அது. ஆற்றில் மூழ்கி இறந்துபோன ஓர் அம்மா, மகளை விட்டுப் போக மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். மகளின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவாள். பள்ளிக்கூடம் போகுமுன் பின்னல் போட்டுவிடுவாள். யாராவது மகளைத் திட்டினால் திட்டியவரின் காபி டம்ளர் தானாகக் கவிழும். கன்னடத்தில் எடுத்துத் தமிழ்ப் பேச்சுச் சேர்த்த தொடர் என்பதால், அவள் வாயை மூடிய பிறகும் வசனம் கொஞ்ச தூரம் போய்க்கொண்டிருக்கும். பேய் அப்படித்தான் பேசும் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருடம்தான் என் அம்மா காய்ச்சலில் இறந்துபோயிருந்தாள். அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் வாராவாரம் மாறும் ஷிப்ட். என்னைப் பார்த்துக்கொள்ள ஊத்தங்கரையிலிருந்து அத்தை வந்திருந்தாள். அத்தைக்கும் அங்கே வீடு, மாடு, பிள்ளைகள் எல்லாம் உண்டு. மாமா போன் செய்யும்போதெல்லாம் அவள் வெளியே போய் நின்று மெதுவாகப் பேசுவாள். நான் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். காலையில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருப்பேன். பின்னல் தானாக விழவே இல்லை. அத்தைதான் வந்து சிக்கெடுப்பாள்.

அந்தத் தொடரில் ஒருநாள், மகளின் அப்பா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறார். புதிதாக வந்தவள் நல்லவள். அவள் விளக்கேற்றுவதைப் பேய் அம்மா மூலையில் நின்று பார்க்கிறாள். பிறகு மகளின் நெற்றியில் முத்தமிட்டு, கதவைத் திறந்து, வெளிச்சத்துக்குள் நடந்து போய்விடுகிறாள்.

மறுநாள் காலை குழாயடியில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. லைன் இரண்டாகப் பிரிந்துவிட்டது. போனதுதான் நியாயம், செத்தவள் வழிவிட வேண்டும் என்றது ஒரு கட்சி. பெற்ற பிள்ளையை அப்படி விட்டுப் போவாளா, கதை எழுதியவனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்றது மற்றது. ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர் கட்சியாகி, சாயங்காலம் வரை பேச்சு வார்த்தை இல்லை. என் அத்தை முதல் கட்சிக்குத் தலைவி மாதிரி இருந்தாள். அவள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

எந்தக் கட்சியிலும் சேராதவள் தளி அக்கா ஒருத்திதான். கடைசி வீட்டில் அண்ணனோடும் அண்ணியோடும் இருந்தாள். சொந்த ஊர் தளி. வயரிங் கம்பெனியில் வேலை. வீட்டுக்குள் கன்னடம், வெளியே தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை என்பது லைனுக்கே ஒரு கவலை. இந்தத் தொடரை அவளும் அண்ணியும் கன்னடத்தில் முன்பே பார்த்துவிட்டார்கள். "அடுத்து என்னக்கா ஆவும்?" என்று யார் கேட்டாலும், "நீங்களே பாருங்க, தெரியும்" என்று சிரிப்பாள். இந்த விஷயத்தில் மட்டும் சிரிக்கவும் இல்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் அத்தையும் அந்த அண்ணியும் துணி காயப்போடும் இடத்தில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னதான் சொல்றா?" என்றாள் அத்தை.

"வாயே தொறக்க மாட்டேங்கறா. புள்ள இருக்கற வீடு, செத்தவ நெனப்பு இன்னும் இருக்குற வீடு. அதான் யோசிக்கறா போல."

"அதெல்லாம் நாளாக ஆகப் போயிடும். போய்த்தானே ஆவணும்!"

தொடரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. விரித்திருந்த போர்வைக்குப் பின்னாலிருந்து, "போகக் கூடாது!" என்று கத்தினேன். இருவரும் திடுக்கிட்டுப் போனார்கள். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. ஒரு பேய்க் கதைக்கு இவ்வளவு பயப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேய் போன அந்த எபிசோடை மறுபடியும் போட்டார்கள். ஷிப்டில் இருந்ததால் பார்க்காமல் விட்டவர்களுக்கு அது ஒரு வரம். பார்த்தவர்களோ, பேய் அழுதுகொண்டே போனாளா சிரித்துக்கொண்டே போனாளா என்று தீர்த்துக்கொள்ள வந்தார்கள். கடைசி வீட்டில்தான் பெரிய டி.வி. இருந்தது. உள்ளே இடம் போதாமல் வாசற்படி வரை ஆட்கள். அப்பா மட்டும் வேலைக்குப் போயிருந்தார்.

நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு வேறு காரணம் இருந்தது. மறுபடியும் போடுகிறார்கள் என்றால் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது என்று நம்பியிருந்தேன். போன தடவை யாரும் அவளைத் தடுக்கவில்லை. இந்தத் தடவை நான் தடுத்தால் போக மாட்டாள்.

விளக்கேற்றும் காட்சி வந்தது. நெற்றி முத்தமும் வந்தது. அவள் கதவுப் பக்கம் திரும்பியதும் எழுந்து ஓடி, டி.வி.க்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றேன். "போகாதம்மா, போகாதம்மா" என்று அழுதேன். பின்னாலிருந்து, "ஏய், மறைக்குது, ஒக்காரு" என்று யாரோ அதட்டினார்கள். அப்புறம்தான் நான் யாருடைய மகள் என்று அவர்களுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வீடே அமைதியாகிவிட்டது. பேய் மட்டும் கதவை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

தளி அக்கா எழுந்து வந்து சுவிட்சை அணைத்தாள்.

"அய்யோ, முக்கியமான எடத்துல நிறுத்திட்டியே!" என்று வாசற்படியிலிருந்து கூச்சல் கிளம்பியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் முன்னால் மண்டியிட்டு, முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள்.

"அழாத பாப்பா. இது தமிழ்ல மாத்திட்டாங்க. நான்தான் கன்னடத்துல பாத்தேனே, அதுல அவ போகல."

"நெசமாவா?"

"நெசமா. அந்த வீட்டுலயேதான் இருக்கா."

அவளுடைய அண்ணி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

அத்தை சும்மா விடவில்லை. "ஏம்மா, அவ அங்கியே இருந்தா புதுசா வந்தவ எங்க போவா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுத் தளி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தளி அக்கா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என் தலையைப் பார்த்தாள். ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்து கிடந்தது. அதைப் பிடித்து முடிந்துகொண்டே சொன்னாள்: "அவ எங்கியும் போவ வேணாம். ரெண்டு பேருமே இருக்கட்டும். அந்தம்மாவத் தொரத்திட்டு நான் வரணும்னு யாராவது சொன்னா, எனக்கு அந்த வீடே வேணாம்."

கதையில் புதிதாக வந்தவளாகவே மாறிப் பேசுகிறாளே என்று நான் வியந்தேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில மாதங்களில் தளி அக்கா எனக்குச் சின்னம்மா ஆனாள். அம்மாவின் போட்டோவை உள் அறைக்கு மாற்றலாம் என்று ஒரு உறவினர் சொன்னபோது, கூடத்தில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றவள் அவள்தான். புதுப் புடவை எடுத்தால் முதலில் அந்தப் போட்டோவுக்குக் காட்டுவாள். கன்னடத்தில் ஏதோ சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொள்வாள்.

இப்போது பழைய தொடர்கள் எல்லாமே செல்போனில் கிடைக்கின்றன. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது கன்னடத்திலேயே அந்த எபிசோடைத் தேடி எடுத்து, நானும் சின்னம்மாவும் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தோம். வாயும் வசனமும் சரியாகப் பொருந்தின. விளக்கேற்றினார்கள். முத்தமிட்டாள். கதவைத் திறந்தாள். போயேவிட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பொய்தான் சொன்னேன்," என்றாள் சின்னம்மா. "நீ அப்பிடி நிக்கற. வேற என்ன சொல்லச் சொல்ற?" பிறகு திரையைப் பார்த்தபடியே, "இப்பவும் எனக்கு இது புடிக்கல. இவளுக்குப் போவணும்னு என்ன தலையெழுத்து?" என்றாள். அந்த லைனில் அவள் எந்தக் கட்சி என்று அன்றைக்குத்தான் எனக்கு வெளிப்படையாகத் தெரிந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அத்தை நெய் டப்பாவைத் திறந்து கேசரி கிளற ஆரம்பித்தாள். பண்டிகை இல்லை, யாருக்கும் பிறந்தநாளும் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வாசலில் சைக்கிளை நிறுத்தியதும், கரண்டியும் கையுமாக ஓடி, "சொல்லிட்டாடா! எல்லாரும் இருக்கறப்பவே சொல்லிட்டா!" என்றாள். அப்பா சைக்கிளைப் பூட்டாமல் அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்து, அம்மாவின் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அத்தை எங்கள் இருவருக்கும் ஒரே தட்டில் கேசரி வைத்தாள். பேய் வீட்டைவிட்டுப் போகாததற்குத்தான் இத்தனை கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.