தம்பிய டாக்டருகிட்டக் கூட்டிப்போகப் பூக்கேட்டது

பாகிஸ்தான் சண்ட முடிஞ்சு பட்டாளத்துல இருந்து வந்த எந்தம்பி, நாமக்கல்லு காலேஜில போய்ச் சேந்துக்கிட்டான். கூடப் படிச்சதெல்லாம் மீச மொளைக்காத பசங்க. ‘ஏனுங் மிலிட்டரி’ம்பானுங்க.

அப்ப எங்க பக்கம் காட்டுக்குக் காடு கெணறு வெட்டு. பாறைக்கு வெடி வெப்பாங்க. நானுந்தான் கல்லுடைக்கப் போயிருக்கேன், எடது கண்ணு இன்னும் கரிக்கும். அது கெடக்குது. வெடி கேட்டா தம்பி கட்டலுக்கடியில பூந்துக்குவான். காலேஜில பெல்லடிச்சா எந்திரிச்சு ஓடிருவானாம். ராவெல்லாம் தூக்கமில்ல.

அவனோட வாத்தியாரு ஊட்டுக்கே வந்துட்டாரு. “சேலம் பெரியாஸ்பத்திரியில செவ்வாக்கெழம மனசுக்குப் பாக்கற டாக்டரு வர்றாருங்க. கூட்டிப்போங்க, இல்லீன்னா பரிச்ச எழுத மாட்டான்.”

எங்கைய்யன் குதிச்சாரு. “அங்க போனான்னு தெரிஞ்சா எவன்டா பொண்ணு குடுப்பான்?”

“சாமிகிட்டப் பூக்கேட்டரலாம்”னா எங்கம்மா.

எங்க சனம் கெணறு வெட்டறதுன்னாலும் கேக்கும், கல்யாணம்னாலும் கேக்கும். வெள்ளப்பூவ ஒரு எலையிலயும் செவப்புப்பூவ ஒரு எலையிலயும் மடிச்சு சாமி முன்னால போட்டு, ஒண்ண எடுக்கோணும். வெள்ளைன்னா செய்யலாம், செவப்புன்னா கூடாது.

கோயிலுக்குப் போயி டாக்டருக்குக் கேட்டோம். செவப்பு.

“பாத்தயா!”ன்னாரு ஐயன்.

அம்மா நகரல. “படிப்ப நிறுத்தறதுக்குக் கேளுங்க.” அதுக்கும் செவப்பு. “ஊட்டுலயே வெச்சுப் பாத்துக்கறதுக்கு?” மறுக்காவும் செவப்பு.

“ஏனாத்தா, சாமிய வக்கீலாட்டக் கேக்கறயே!”ன்னாரு பூசாரி.

தூணுகிட்ட நின்ன தம்பி சிரிச்சுப்போட்டான். ஊருக்கு வந்ததுல இருந்து அன்னிக்குத்தான் சிரிச்சான். ஐயனப் பாத்து, “ஐயா, சாமி எல்லாத்துக்கும் வேண்டாங்குது. எனக்குத் தூங்கோணுங்க. நான் போறேன்”னான்.

ஐயன் வேட்டிய அவுத்து அவுத்துக் கட்டுனாரு. கடைசியில, “போறதுன்னா தலையில துண்டப் போட்டுக்கிட்டுப் போ”ன்னாரு.

செவ்வாக்கெழம நாந்தான் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். துண்டு போடாமத்தான் வந்தான். அவன் உள்ள போனதும் எனக்கு உக்கார முடியல. பீடி பத்த வெப்பேன், தூக்கிப் போடுவேன். உள்ள என்ன சொல்றானோ, கட்டிக்கிட்டிப் போட்டுருவாங்களோன்னு கதவுகிட்டப் போயிப் போயி நின்னேன்.

வெளிய வந்தவன், “அடுத்த செவ்வாயும் வரச் சொன்னாருங்ணா”ன்னான்.

“காலேஜி?”

“வாத்தியாரு பாத்துக்கறேன்னாரு. நானே வந்துக்கறேன், நீ வேலையப் பாரு.”

என்ன வேலையப் பாக்கறது? செவ்வாயானா பொழுது எறங்கறப்பவே ரோட்டுக்கு வந்துருவேன். ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாப்பேன், அவன் எறங்கற வரைக்கும்.