அம்மாவைக் கேட்டவர்

ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் நான் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தபோது அங்கிருந்த வாட்ச்மேன் பழக்கம். ஒல்லியான மனிதர், சட்டை தோளில் நிற்காது. என் சைக்கிளை நகர்த்தக்கூட, "நகத்தட்டுமா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

மூன்றாம் மாடிக்காரர், வயதான அம்மாவைப் பார்க்க வரும் தன் தங்கையை உள்ளே விடக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தார். ஒரு மாலை தங்கை கேட்டில் அழுதுகொண்டு நின்றார். வாட்ச்மேன் மேலே போய் அந்த அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் அம்மாவின் கையைப் பிடித்த நேரம், அண்ணனின் கார் வந்து நின்றது.

"யாரைக் கேட்டுய்யா கீழ கூட்டிட்டு வந்த?"

"அம்மாவைத்தான் கேட்டேன் சார். பொண்ணைப் பாக்குறீங்களான்னேன், பாக்கணும்னாங்க."

"நாளையிலேர்ந்து வேலைக்கு வராதே."

"சரிங்க சார்," என்றார். ஆனால் மகள் கையை விடும்வரை நாற்காலியைத் திருப்பவில்லை.

நானும் பல வேலைகளை இழந்திருக்கிறேன். இப்படி ஒரு காரணத்துக்காக ஒன்றைக்கூட இழந்ததில்லை.