மஞ்சள் பெயின்ட்டில் போட்ட நம்பர்கள்

1. போன்

சேகர் போன் செய்தபோது நான் செகந்திராபாத் போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். ரிடையர் ஆன மனுஷனுக்கு வீட்டில் கொடுக்கும் வேலை அதுதான். ஹலோ சொல்வதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"மணி அண்ணா, எல்லாம் நீலமா இருக்கு."

எது நீலம் என்று கேட்டேன்.

"டிராக்கு, தூணு, எல்லாமே. நாம போட்ட நம்பர் ஒண்ணு கூட இல்ல அண்ணா. சுரண்டி எடுத்துட்டு புது பெயின்ட் அடிச்சுட்டாங்க."

பையைக் கீழே வைத்துவிட்டு, வெங்காய மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். மூட்டைக்காரர் திட்டினார். திட்டட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு ரோலர் கோஸ்டர் செத்துப்போன செய்தி எனக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். அதோடு சேர்ந்து சேகரின் பிழைப்பும் போயிற்று என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

பெயின்ட் அடித்ததற்கா இவ்வளவு என்று இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். உள்ளே புதிதாக வருகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள், அதுதான் எனக்குக் கவலை. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

2. காலையில் நடப்பது

ராமச்சந்திராபுரம் தாண்டி, நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த ஒரு பார்க்கில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். சேர்ந்த காலத்தில் சுற்றிலும் பாறையும் முள்செடியும்தான். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூசியில் நடந்து போவோம். பார்க்குக்கு முகம் என்றால் அது ரோலர் கோஸ்டர். வெளிநாட்டில் ஒரு பார்க் மூடியபோது செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தது. எங்களுக்கு அது புதுசுதான்.

அதை எங்கள் பார்க்கில் எழுப்பிய காலத்தில் ஹெல்பராக வந்தவன் சேகர். பிறகு ஃபிட்டர் ஆனான். ஆற்காடு பக்கத்துக் குடும்பம், தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்காக செகந்திராபாத் வந்தவர்கள். பேசுவது வீட்டுத் தமிழ்தான், ஆனால் வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் சொல்கிற நக்கோ, இரண்டு வார்த்தைக்கு ஒன்று வரும். அவன் மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பதில் மட்டும் தெலுங்கில் வரும். என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்தவன் சூப்பர்வைசர் என்ற மரியாதையை அதோடு மறந்துவிட்டான். எனக்கும் அது பிடித்திருந்தது.

டிராக் வாக் அவனுடைய வேலை. கேட் திறப்பதற்கு முன்னால் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சின்னச் சுத்தியலோடு மேலே ஏறி, முழு டிராக்கையும் நடந்து முடிப்பான். ஒவ்வொரு ஜாயின்டிலும் போல்ட்டைத் தட்டிக் கேட்பான். இறுக்கமாக இருந்தால் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்திருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். கீழே இறங்கியதும் வண்டியைக் காலியாக ஓட்டுவோம், பிறகு மணல் மூட்டை வைத்து ஓட்டுவோம், பிறகு கடைசிப் பெட்டியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து போவோம். அதற்கப்புறம்தான் ஜனங்கள். அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அதில் ஒரு சிராய்ப்பு கிடையாது. இதை எழுதும்போது கொஞ்சம் கர்வம் வருகிறது, வரட்டும்.

3. கழற்றினோம்

பாறை இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் டவர்கள் வந்தன. வந்தவர்களுக்கு எங்கள் பார்க்கைப் பார்த்த மாதிரி பால்கனி வேண்டும், பார்க்கில் கத்துகிறவர்களின் சத்தம் மட்டும் வேண்டாம். ரைடைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனியும் மூடப்பட்டுவிட்டது. சக்கரங்களுக்குப் பாலாநகரில் ஒரு பட்டறையில் லைனிங் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் ஜெனரல் மேனேஜர் ராவ் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அந்த இடத்தில் புது ரைடு வரப்போகிறது. வண்டியை மேலே இழுக்கிற செயின் கிடையாது, காந்தத்தில் பாய்கிற வண்டி. அதைப் பார்த்துக்கொள்ள, அதைச் செய்த கம்பெனியே ஆட்களை அனுப்பும். பழையதை விஜயவாடா ஹைவேயில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பார்க் வாங்கிவிட்டது. அதை எழுப்பி ஓட்டத் தெரிந்த ஒரு ஆளையும் கேட்கிறார்கள். எனக்கு ரிடையர்மென்ட் நெருங்கிவிட்டது, ஆகவே போக வேண்டியவன் சேகர்.

சேகரிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. புது ரைடில் அவனுக்கு இடமில்லை என்பதைத்தான் ராவ் சார் மரியாதையாகச் சொன்னார். பழைய ரைடு அங்கே எழுந்து ஓடினால் சேகருக்கு வேலை உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு. எழாவிட்டால் இரண்டு ஊரிலும் அவனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து, அங்கே நீதான் ராஜா என்று தேற்றினேன்.

ஒரு கோஸ்டரைக் கழற்றுவதற்கு முன் மேட்ச் மார்க் போட வேண்டும். எந்த டிராக் துண்டோடு எது சேரும், எந்தத் தூண் எந்த இடத்தில் நிற்கும் என்று ஒவ்வொரு ஜாயின்டின் இரண்டு பக்கமும் ஒரே நம்பர் போடுவது. பார்வைக்கு எல்லாத் துண்டும் ஒரே மாதிரி வளைந்த பைப்தான். ஆனால் ஒவ்வொன்றின் முறுக்கும் வேறு, தூண்களின் உயரத்தில் விரற்கடை வித்தியாசம் இருக்கும். தயாரித்த கம்பெனி அடித்த நம்பர்கள், துண்டுகளின் முனையில் போல்ட் போடுகிற ஃபிளேஞ்ச் தட்டுகள் துருப்பிடித்து அவற்றை மாற்றியபோது அவற்றோடு போய்விட்டன. எங்களிடமிருந்த டிராயிங்கில் வண்டி போகும் வழி தெரியும், துண்டுகளின் முறுக்கு தெரியாது.

சேகர் லெட்டர் பஞ்ச்சை எடுத்துக்கொண்டு, வண்டியைச் செயின் இழுத்து ஏற்றுகிற லிஃப்ட் ஹில்லிலிருந்து ஆரம்பித்தான். இரும்பிலேயே நம்பரை அடித்துப் பதிப்பது அது. ஆனால் டிராக் முழுக்க உள்ளே கூடான பைப். மேலே உட்கார்ந்து சுத்தியலால் அடித்தால் கோயில் மணி மாதிரி அந்த வட்டாரம் முழுக்கக் கேட்கும். ஏறும் பகுதியும் முதல் இறக்கமும் முடிவதற்குள் டவர்காரர்கள் போலீஸோடு வந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக் கைக்குழந்தை வேறு, பாவம், அவரையும் குறை சொல்ல முடியாது. புது ரைடின் கன்டெய்னர்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தன. மிச்சத்தை எனாமல் பெயின்ட்டில் எழுதுங்கள் என்று ராவ் சார் சொன்னார். தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பழுப்புப் பைப்பில் மஞ்சள் நம்பர் பளிச்சென்று தெரிந்தது. டிரெய்லர்கள் கிளம்பிப்போனபோது சேகர் கடைசி வண்டி ரோட்டு முனையில் திரும்பி மறையும் வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

4. புது வண்டி மாதிரி

அங்கே ஃபவுண்டேஷன் முடிந்தபின் வந்தால் போதும் என்று சேகரிடம் சொல்லியிருந்தார்கள். மகளின் பரீட்சை முடியட்டும் என்று அவனும் காத்திருந்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி, வாடகை வீட்டைக் காலி செய்து, குடும்பத்தோடு போய் இறங்கினான்.

அந்தப் பார்க்கின் முதலாளி ரைஸ் மில் வைத்திருந்தவர், நல்ல மனிதர். ஜனங்கள் பழைய சாமான் என்று சொல்லிவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை. "கொத்த பண்டி லாகா உண்டாலி" என்று தெலுங்கில் உத்தரவு போட்டிருக்கிறார், புது வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்று. அவருடைய ஆட்கள் டிரெய்லர்களை நேராகப் பார்க்குக்குக் கொண்டுவராமல் வழியில் ஒரு பிளாஸ்டிங் யார்டில் இறக்கிவிட்டார்கள். அங்கே மணலைப் பீய்ச்சி அடித்துப் பழைய பெயின்ட்டையும் துருவையும் எடுத்தார்கள், அதோடு எங்கள் மஞ்சள் நம்பர்களையும். பிறகு பிரைமர் அடித்து, அழகான நீலம் அடித்தார்கள். மிக நன்றாகச் செய்திருந்தார்கள் என்று பிறகு நேரில் பார்த்தபோது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

தக்காளியை வீட்டில் போட்டுவிட்டு அடுத்த நாளே பஸ் ஏறினேன். வயலை மேடாக்கிய மண்ணில், வெயிலில், நீலநீலமாகக் குவிந்து கிடந்தது எங்கள் ரைடு. சேகர் அதற்கு நடுவில் குந்தியிருந்தான். நான் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

பஞ்ச் அடித்த பாகம் தப்பியிருந்தது. நீலத்துக்கு அடியில் விரலால் தடவினால் நம்பர் தட்டுப்பட்டது. ஏற்றமும் முதல் இறக்கமும் ஒரு குறையும் இல்லாமல் எழுந்து நின்றன. அன்று முதலாளி எல்லோருக்கும் பிரியாணி போட்டார். சேகர் சிரித்து நான் பார்த்தது அந்த ஊரில் அன்று ஒரு நாள்தான்.

அப்புறம் வளைவு. சேகர் தன் போனிலிருந்த போட்டோக்களையும் ஞாபகத்தையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகத் தேடினான். இந்த நசுங்கல் மூன்றாவது வளைவுக்கு முன்னால் இருந்தது, இந்த வெல்டு நான் போட்டது என்று சிலவற்றைக் கண்டுபிடித்தான். மிச்சத்தை டேப்பால் அளந்து, கிரேனில் தூக்கி, வைத்துப் பார்த்து, இறக்கி, மறுபடி வேறு துண்டைத் தூக்கி என்று மாதக்கணக்கில் போயிற்று. நான் போவதும் வருவதுமாக இருந்தேன். சென்னையிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து பார்த்தார். அத்தனை துண்டையும் ஸ்கேன் செய்து கணக்குப் போட்டுச் சேர்க்கலாம், ஆனால் அதற்கு ஆகும் செலவில் புது ரைடே வாங்கிவிடலாம் என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போய்விட்டார்.

கடைசியில் வளைவின் முதல் துண்டாக ஒன்று ஏறக்குறையப் பொருந்தியது. போல்ட் துளைகள் மட்டும் விலகியிருந்தன. முதலாளி ஆவலோடு வந்து பார்த்தார். துளையைப் பெரிசாக்கி இழுத்துக் கட்டினால் என்ன, கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்யுங்கள் என்று கேட்டார். அவருக்கு பேங்க்காரர்கள் நெருக்கடி. சேகருக்கோ, அந்த ஒரு வார்த்தைக்குச் சரி என்று சொன்னால் வேலை மிஞ்சும். நான் வாயைத் திறக்கும் முன் அவன் என்னிடம் திரும்பித் தமிழில் பேசினான்.

"நக்கோ அண்ணா. இழுத்துக் கட்டினா நிக்கும். எத்தினி நாளு நிக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாத டிராக்குல ஜனங்கள ஏத்த மாட்டேன்."

அதையே தெலுங்கில் முதலாளியிடம் பணிவாகச் சொன்னான். அவர் சரி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மறுநாளிலிருந்து கிரேன் வரவில்லை.

5. இப்போது

வளைவுத் துண்டுகளும் அவற்றின் தூண்களும் பழைய இரும்புக்குப் போய்விட்டன. நின்ற பாகத்தை மட்டும் முதலாளி பிரிக்கவில்லை. அதன் உச்சியில் பார்க்கின் பெயர்ப் பலகையை மாட்டி, உடம்பு முழுக்க சீரியல் லைட் சுற்றிவிட்டார். ஹைவேயில் போகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். ஏறி, உச்சிக்குப் போய், இறங்கி, கீழே வரும்போது அந்தரத்தில் முடிந்துவிடுகிற ரோலர் கோஸ்டர். அடியில் நின்று ஜனங்கள் செல்ஃபி எடுக்கிறார்கள். சேகருக்கு அந்த லைட்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. சம்பளமும் அதற்குத் தகுந்த மாதிரிதான்.

எங்கள் பழைய பார்க்கில் காந்த ரைடும் ரொம்ப நாள் ஓடவில்லை. பார்ட்ஸ் வராமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அதையும் விற்கப்போவதாகப் பேச்சு. டவர்காரர்கள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எந்த ரைடைக் கழற்றினாலும் நம்பரை இரும்பில் அடியுங்கள். யார் வந்து சத்தம் போட்டாலும், மறுநாள் பகலில் மறுபடி மேலே ஏறி அடியுங்கள். பெயின்ட் நம்முடையது அல்ல, அடுத்தவன் ஆசைப்பட்டால் அழித்துவிடுவான். இது நான் கற்றுக்கொண்ட பாடம். சேகருக்கு இது முன்பே தெரியும், தெரிந்து அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

போன மாதம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். மகள் படிப்பை விட்டுவிட்டு அதே பார்க்கில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள், தமிழில் கேட்டதற்குத் தெலுங்கில் பதில் சொன்னாள். அப்பா எங்கே என்றதற்கு மேலே கையைக் காட்டினாள்.

கேட் இன்னும் திறக்கவில்லை. சேகர் பெல்ட்டை மாட்டிக்கொண்டு லிஃப்ட் ஹில்லில் ஏறிக்கொண்டிருந்தான், கையில் அதே சுத்தியல். ஒவ்வொரு ஜாயின்டிலும் நின்று, போல்ட்டைத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டான். வண்டியே கிடையாது, இதற்கு எதற்கு டிராக் வாக் என்று கீழே வந்ததும் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"போர்டு மாட்டியிருக்காங்கல்ல அண்ணா. காத்து அடிச்சா ஆடுது. கீழ ஜனங்க நிக்கறாங்க."

நான் தலையாட்டினேன். அவன் சொன்னது சரிதான். ஆனால் போர்டு உச்சியில்தான் இருக்கிறது. அவன் உச்சியைத் தாண்டி, மறுபக்கம் இறக்கத்திலும் தட்டிக்கொண்டே இறங்கி, டிராக் முடிகிற கடைசி ஃபிளேஞ்ச் வரை போனதை நான் கீழே நின்று பார்த்தேன். அங்கே போல்ட் இல்லாத வெறும் துளைகள். அவற்றையும் ஒரு தடவை தட்டினான். அடுத்த துண்டு இருக்க வேண்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தான்.