சரிபார்த்தவர்: கஸ்தூரி

கஸ்தூரிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இருபத்து மூன்று வருடமாக ஒரே வேலைதான்: சரிபார்ப்பது. அளவு சரியாக இருந்தால் சீட்டில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவாள். இல்லாவிட்டால் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி, அதன் கீழேயும் கையெழுத்து. கழித்துக்கட்டிய பொருளுக்கும் கழித்தவர் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா? மேனேஜரே பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஒரு மயிரிழைதானேம்மா, விட்டுடேன் என்று குழைந்தாலும் விட மாட்டாள். அப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. பாரிவாக்கத்தில் அவள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கூடத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாம் ஏழாவது, எட்டாவது படிக்கிறவர்கள். பெண் ஓவியர்களின் வாழ்க்கையை வாரத்துக்கு ஒன்றாக அவர்களுக்கு வாசித்துக் காட்டுவாள். இதைக் கிளப்பிவிட்டது பின் தெருவில் இருக்கும் காவ்யா. கூடத்துச் சுவரில் 'உலகப் புகழ்பெற்ற ஓவியர்கள்' என்று ஒரு சார்ட் தொங்கியது. பன்னிரண்டு முகம், பன்னிரண்டும் மீசை தாடி. அதைப் பார்த்துவிட்டுக் காவ்யா, பொம்பளைங்களுக்கு வரைய வராதா ஆன்ட்டி என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். கஸ்தூரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைமேல் அல்ல, அந்தச் சார்ட்டை அச்சடித்த புண்ணியவான்மேல்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்தில் அவளும் நோட்டுப் பின்பக்கமெல்லாம் வரைந்து தள்ளியவள்தான். அன்றைக்கு அவளுக்கு ஒரு பெண் ஓவியரின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் கோடு போட்ட தாளில் தன் தமிழில் எழுத ஆரம்பித்தாள். ஜூடித் லேஸ்டர் வரைந்ததை இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு ஆண் ஓவியனின் படம் என்றே விற்றார்கள். அவன் பேருக்கு அடியில் அவள் கையெழுத்து பிறகுதான் அகப்பட்டது. விபத்தில் அடிபட்டுப் படுத்த படுக்கையான ஃப்ரீடா, கட்டிலுக்கு மேலே கண்ணாடியை மாட்டித் தன் முகத்தையே வரைந்தாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

போன மாதம் ஆர்த்தெமீசியாவின் முறை. நானூறு வருடத்துக்கு முன் ரோம் நகரத்தில் இருந்த பெண். ஓவியம் சொல்லிக்கொடுக்க வந்தவனே அவளைக் கெடுத்தான். வழக்கு நீதிமன்றம் போனது. அவள் சொல்வது உண்மையா என்று சோதிக்க, வரைகிற அந்த விரல்களிலேயே கயிற்றைச் சுற்றி இறுக்கினார்கள். கயிறு இறுக இறுக அவள் சொன்னது ஒன்றேதான்: நிஜம், நிஜம், நிஜம். பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் கஸ்தூரி சொன்னாள்.  காவ்யாதான் கேட்டாள்.

"தப்பு பண்ணது அவன்தான ஆன்ட்டி? அப்பால இன்னாத்துக்கு அவ கைல கவுறு கட்டுனாங்கோ?"

கஸ்தூரி தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மீதி அடுத்த வாரம் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டாள்.

ஏனென்றால் அவள் கையிலும் ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த நாலாம் வருடம், ஜெகதீஷ் என்ற சூப்பர்வைசர் ஸ்டோர் ரூமில் அவளிடம் தவறாக நடந்துகொண்டான். அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரணை என்று நாலு ஆண்கள் மேஜை போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தாய், தனியாக ஏன் போனாய் என்று அவளையே குடைந்தார்கள். மூன்றாம் நாள், 'அப்படி எதுவும் நடக்கவில்லை, தவறாகப் புரிந்துகொண்டேன்' என்று அவர்களே அடித்து வைத்த தாளை நீட்டினார்கள். ஒரு கையெழுத்துதானேம்மா என்றார்கள். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். போட்டாள். ஜெகதீஷ் பதவி உயர்வெல்லாம் வாங்கி, மாலையும் கழுத்துமாக ஓய்வு பெற்றான். வரிசையில் நின்று அவளும் கை தட்ட வேண்டியிருந்தது. தூ!

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுக்ககச் சங்கத்தின் தலைவர் சுப்பராயன் நல்ல மனிதர்தான். கஸ்தூரியின் தாள்களை ஆண்டு விழாவுக்குப் புத்தகமாகப் போடலாம் என்று அவரே ஆசையாக வாங்கிக்கொண்டு போனார். இந்த ஞாயிறு காலை, அச்சுக்குப் போகும் பிரதியைக் கூடத்துக்கே கொண்டுவந்து நீட்டினார். பிள்ளைகள் வழக்கம்போல் பாயில் இருந்தார்கள், வாசலில் நாலைந்து தாய்மார்கள் நின்றிருந்தார்கள். கஸ்தூரி ஆர்த்தெமீசியா பக்கத்தைப் புரட்டினாள்.

'தந்தையிடம் முறையாக ஓவியம் பயின்றார். அடக்கமும் உழைப்பும் மிக்கவர். பல அழகிய படங்களை வரைந்து பெண் குலத்துக்குப் பெருமை சேர்த்தார்.' அவ்வளவுதான். கயிறும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. அடக்கமாம்! நீதிமன்றத்தில் நின்றவளுக்கு இவர்கள் கொடுக்கிற பட்டம் அடக்கம். கீழே ஓரத்தில் அச்சாகியிருந்தது: சரிபார்த்தவர்: கஸ்தூரி. பக்கத்தில் கையெழுத்துக்கு இடம்.

குடும்பத்தோடு படிக்கிற புத்தகம், அதனால் பிசிறை மட்டும் எடுத்திருக்கிறேன் என்றார் சுப்பராயன். கஸ்தூரிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தினமும் உதிரிபாகத்தில் பிசிறு பார்க்கிற அவளுக்கா அதைப் பற்றிப் பாடம்? பிசிறு எடுத்தால் பொருள் மிஞ்ச வேண்டும், இங்கே பொருளையே அறுத்துப் போட்டிருக்கிறீர்கள், கையெழுத்துப் போட முடியாது என்றாள். அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார்.

"ஒரு கையெழுத்துதானே கஸ்தூரி, இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?"

அந்தச் சொல்தான். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்துப் போயிருப்பாள்.

"ஒரு கையெழுத்துதானேன்னு சொல்லித்தான் சார் அன்னைக்கும் வாங்கினாங்க. எங்க சூப்பர்வைசர் எங்கிட்ட தப்பா நடந்துக்கிட்டான். நடக்கவே இல்லைன்னு என்னையே எழுதிக் குடுக்க வச்சாங்க."

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு பத்தொன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை இரண்டே வரியில் சொல்லி முடித்துவிட்டாள். வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். 

"நெஜமாவாம்மா?" என்றார் சுப்பராயன். பாவம், கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் கேட்டார்.

பாயிலிருந்து காவ்யா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜம்" என்றாள் கஸ்தூரி. "நிஜம். நிஜம்."

பிறகு கைப்பையைத் திறந்து சிவப்பு மார்க்கரை எடுத்தாள். அந்தப் பக்கத்தின் மேல் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி போட்டாள். அதன் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தாள்.