நிற்கும் என்று எழுதிக் கொடுக்கிறவள்

ஓட்டுநர் இல்லாமல் ஓடும் வண்டி யார் மேலும் ஏறாது என்று கணக்குப் போட்டு நிரூபிப்பது என் வேலை. ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்து "சரியாத்தான் ஓடுது" என்பது வேறு. எந்த நிலையிலும் ஏறாது என்று நிரூபிப்பது வேறு. எதற்காவது உத்தரவாதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம் சோறு இறங்காமல் தவித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

களை எடுக்கிறவர்கள்

திருத்தணியில் எங்கள் நிறுவனம் ஆளில்லா டிராக்டர் செய்கிறது. வெள்ளோட்டத்துக்கு கே.ஜி.கண்டிகையில் முனிரத்தினம் என்பவர் தன் கழனியைக் கொடுத்தார். வண்டியைக் கிளப்பும் முன் அவர் மனைவி குப்பம்மா அக்காவிடம் பெருமையாக விளக்கினேன்: முன்னால் ஆள் நின்றால் வண்டி தள்ளியே நின்றுவிடும், கணிதப்படி நிரூபித்திருக்கிறேன்.

அக்கா பக்கத்து வேர்க்கடலைக் கழனியைப் பார்த்தார். நாலு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, நாங்க எங்க நிக்கிறோம்? நாள் பூரா குந்திகினுதானே கீறோம்?"

கையெழுத்து

வெள்ளோட்டத்தை நிறுத்தினேன். 'மனிதர் என்றால் மூன்றடிக்குக் குறையாத உயரம்' என்று நிரூபணத்தின் தொடக்கத்தில் நானே எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படியும் சரி, தொடக்கம்தான் தப்பு. உயரத்தை ஒன்றரை அடியாக்கி மறுபடி கணினியில் போட்டேன். மதியத்துக்குள் விடை வந்தது: வரப்போரம் திரும்பும்போது குந்தியிருப்பவர் கேமராவில் தாமதமாகத்தான் தெரிவார், உடனே பிரேக் பிடித்தாலும் தூரம் போதாது. எந்த வேகத்தில், எந்த இடத்தில் மோதும் என்றுகூடக் காட்டியது. அந்த எண்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அக்காவின் முதுகுதான் தெரிந்தது.

மேலாளர் சேகர் கெட்டவர் இல்லை. மறுநாள் வண்டி வாங்குபவர்கள் பார்க்க வருவதாக ஏற்பாடு. "களை எடுக்கிறவங்களை நாளைக்கு மட்டும் வரவேணாம்னு சொல்லிட்டா?" என்றார்.

"நாளைக்குச் சொல்லலாம் சார். வித்த பிறகு யார் சொல்வாங்க?" ஆபத்தில்லை என்ற சான்றில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் திரையில் இருந்த மோதல் எண்களை ஒருமுறை படித்தார். பிறகு போனை எடுத்து, வர இருந்தவர்களை வரவேண்டாம் என்று சொன்னார். "வேலை போனா ரெண்டு பேருக்கும் சேர்ந்தே போவட்டும். வா, திருத்தலாம்."

முனிரத்தினம்

திரும்பும் வேகத்தைப் பாதியாக்கி, கேமராவைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் புதிதாக நிரூபிக்க மூன்று வாரம் ஆனது. மறுபடி அதே கழனி. வரப்போரம் வைக்கோல் அடைத்த சாக்கை வைத்தோம். டிராக்டர் திரும்பியது, நின்றது. பத்து முறையும் நின்றது.

அதுவரை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முனிரத்தினம் சாக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் தானே போய்க் குந்தினார். "ஓட்டும்மா!"

நான் ஓடிப்போய் வண்டியின் இயக்கத்தையே அணைத்துவிட்டேன். அவருக்குக் கோபம். "உன் கணக்கு மேல உனக்கே நம்பிக்கை இல்லியா?"

"கணக்கு மேல இருக்குங்க. நான் எதை யோசிக்காம விட்டிருக்கேன்னுதான் தெரியல."

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "ஆங்... அப்படின்னா நீ போடுற கையெழுத்தை நம்பலாம்மா."

எந்த நிலையிலும் ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுக்க, எந்த நேரமும் பயந்துகொண்டே இருக்கிற ஒருத்தி தேவைப்படுகிற வேலை இது.