கடைமடைக் காற்று

என் கணவர் துபாய் போன பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னார்கள். தனியாக இருக்கிறாயே, கஷ்டமாக இல்லையா என்றார்கள். நானும் தலையை ஆட்டி வைத்தேன். உண்மையில் எனக்கு இருந்தது பிரிவுத் துயரம் இல்லை, வயிற்றெரிச்சல். அவர் அங்கே பார்த்துக்கொண்டிருந்த வேலை என் வேலை. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடங்களில் ஏ.சி. மெஷின் ஏதாவது ஒரு மூலையில் இருக்கும். அங்கிருந்து குளிர்ந்த காற்றைத் தகரக் குழாய்களில் ஒவ்வோர் அறைக்கும் கொண்டுபோக வேண்டும். அந்தக் குழாயைத்தான் டக்ட் என்பார்கள். எந்த அறைக்கு எவ்வளவு காற்று, அதற்கு எத்தனை அங்குலக் குழாய், போகிற வழியில் தகரத்தோடு உரசி எவ்வளவு அழுத்தம் குறையும், ஒவ்வொரு வளைவும் தன் பங்குக்கு எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட வேண்டும். குழாயைச் சின்னதாக்கினால் தகரம் மிச்சமாகும். ஆனால் காற்று வேகமெடுத்து உரசும், இரைச்சல் போடும், கடைசி அறைக்குப் போய்ச் சேராது. பெரிதாக்கினால் எல்லாம் நன்றாக இருக்கும், கூரைக்குள் இடம்தான் இருக்காது. இரண்டுக்கும் நடுவில் சரியான அளவு ஒன்று உண்டு. அதைத் தேடிப் பிடிப்பதில் எனக்கு ஒரு ருசி.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் தஞ்சாவூரில் ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை கிடைத்தது. பெரும்பாலும் ரைஸ்மில்லுக்குத் தூசி இழுக்கும் குழாய்கள் போடுவோம். எப்போதாவது ஒரு சினிமா தியேட்டர், ஒரு நர்சிங் ஹோம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உராய்வு அட்டவணையைச் செருகி வைத்திருந்தேன். தாள் முழுக்கச் சாய்வுக் கோடுகள். காற்றின் அளவு ஒரு பக்கம், உராய்வு ஒரு பக்கம், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குழாயின் விட்டம். மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் தலை சுற்றியது. எனக்குச் சுற்றவில்லை.

அதற்குக் காரணம் என் ஊர். அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் முடிகிற இடம். என் தாத்தா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தார். அப்பா காலத்தில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்தது, அதுவும் கடைமடையில். மேலே இருப்பவர்கள் மதகைத் திறந்து வைத்துக்கொண்டால் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. அவர்கள் பலகையை இறக்கினால்தான் எங்கள் வாய்க்கால் நனையும். டக்டிலும் இதேதான். மெஷினுக்குப் பக்கத்தில் காற்று வெளியே வரும் வாய்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும், கடைசி வாய் சும்மா இருக்கும். டேம்பர் என்று ஒரு தகடு வைத்திருப்பார்கள். அதுதான் மதகுப் பலகை. ஆபீஸில் நான் கடைசி வாயைக் கடைமடை என்றே சொல்வேன், ட்ராயிங்கிலும் பென்சிலால் அப்படியே எழுதுவேன்.

என் கணவருக்குத் திருவையாற்றுப் பக்கம், தலைமடை. வீட்டு வாசலில் நின்றால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அவரும் என்னைப் போல டிப்ளமோதான், மார்க் என்னைவிடக் குறைவு. கட்டட வேலைகளுக்கு சூப்பர்வைசராக இருந்தார். ஏ.சி. ஆள் தேவை என்று பேப்பரில் துபாய் விளம்பரம் வந்தபோது கத்தரித்து வைத்தது நான். ஏஜென்டுக்குப் போன் செய்ததும் நான்தான்.

"லேடீஸ் எடுக்கறதில்லம்மா. நர்ஸ்னா சொல்லுங்க" என்றார் ஏஜென்ட்.

அப்புறம்தான் என் கணவர் விண்ணப்பித்தார். சாப்பாட்டு மேஜையில் அட்டவணையை விரித்து நான் பாடம் எடுத்தேன். அவர் மக்கு இல்லை, ஆனால் வளைவுகளை மறந்துவிடுவார். நேர்க் குழாயின் நீளத்தை மட்டும் கூட்டிவிட்டு எழுந்துவிடுவார். ஒவ்வொரு வளைவும் பல அடி நேர்க் குழாய்க்குச் சமம் என்று எத்தனை தடவை சொன்னாலும், "ஒரு வளைவுதானே" என்பார்.

திருச்சியில் ஒரு லாட்ஜில் இன்டர்வியூ. நான் வெளியே அவருடைய சர்டிபிகேட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"கடைசி ரூமுக்குக் காத்து வரல, என்ன செய்வேன்னு கேட்டாங்க. எங்க ஊர்ல கடைமடைக்குத் தண்ணி வரலன்னா மேல மதகுல பலகைய இறக்குவோம் சார், அதே மாதிரி முன்னாடி டேம்பரக் கொஞ்சம் மூடுவேன்னு சொன்னேன். ஆளு அசந்துட்டாரு."

"எங்க ஊர்லயா?" என்று கேட்டேன்.

"சரி, நம்ம ஊர்ல."

அவர் ஊரில் யாருக்காகவும் யாரும் பலகையை இறக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் அன்று அவருக்கு அல்வா வாங்கி ஊட்டினேன். வேலை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போன் வரும். கண்ணாடிக் கதவுக்குள் நின்று அவர் சொல்வதைக் கேட்பேன். ஆள் நிமிர்ந்து நடந்து போகிற அளவுக்கு டக்டாம். ஒரே கட்டடத்தில் இருபது மாடிக்குக் காற்றாம். நான் ரைஸ்மில் தூசியில் தும்மிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்று மற்ற பெண்கள் கேட்பதைக் கேட்காமல், மெயின் டக்டில் காற்றின் வேகம் எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்பேன். சில சமயம் அவர் கேட்கும் கணக்கைப் பூத்தில் நின்றபடியே உள்ளங்கையில் போட்டுச் சொல்லுவேன். சொல்லிவிட்டு வெளியே வரும்போது நெஞ்சு காந்தும்.

முதல் விடுமுறையில் வந்தபோது சென்ட், சாக்லேட், என் மாமியாருக்குப் புடவை எல்லாம் கொண்டுவந்தார். கூடவே ஆபீஸில் எடுத்த போட்டோ ஒன்று. ஜன்னலோரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குப் பின்னால், படம் வரையும் பெரிய சாய்வுப் பலகையின் முன்னால் ஓர் இளம்பெண், கையில் ஸ்கேலோடு குனிந்திருக்கிறாள்.

"யாருங்க இது?"

"பிலிப்பைன்ஸ்காரப் பொண்ணு. டக்ட் டிசைன்தான் பாக்கறா."

என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. மாமியார் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "பக்கத்து சீட்டுப் பொண்ணும்மா, அவ்ளோதான். எம் புள்ள அப்படிப்பட்டவன் இல்ல" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த பொறாமை அது ஒன்றுதான். அந்தப் பெண்ணின் மேல் எனக்குப் பொறாமைதான். அவள் பக்கத்தில் நின்ற மனிதருக்காக இல்லை, அவள் முன்னால் இருந்த பலகைக்காக. என்ன அழகான பலகை. ஜன்னல் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி போட்டிருந்தார்கள்.

"லேடீஸ் எடுக்க மாட்டாங்கன்னாங்களே?" என்று சாயங்காலம் அவரைக் கேட்டேன்.

"அது ஏஜென்ட் சொன்னது. அவனுக்கு என்ன தெரியும்?"

"அப்ப உங்க ஆபீஸ்ல ஆள் எடுத்தா எம் பேரச் சொல்லுவீங்களா?"

"பாப்போம்" என்றார்.

நான் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் போனதும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது, கணவரைப் பார்க்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாஸ்போர்ட் வந்ததும் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவ்வப்போது எடுத்துத் தடவிப் பார்ப்பேன்.

அடுத்த விடுமுறை என் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு. எல்லோரும் திருக்கடையூருக்குத்தான் போவார்கள். என் கணவருக்கு அது போதவில்லை. சாமி கும்பிட அங்கே, மற்றதெல்லாம் தஞ்சாவூரில் புதிதாகத் திறந்திருந்த ஏ.சி. மண்டபத்தில் என்று சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் ஏ.சி. மண்டபம் என்றால் பத்திரிகையிலேயே அச்சடிப்பார்கள்.

மண்டபத்தைக் கட்டியவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிட்டார்கள். காற்றைத் திரும்ப மெஷினுக்கு இழுக்கிற வாயைச் சரியாக மேடைக்கு மேலே வைத்துவிட்டார்கள். ஹோமம் ஆரம்பித்தது. நெய்ப் புகை நேராக மேலே போய் மெஷினுக்குள் நுழைந்து, டக்ட் வழியாகக் குளுகுளுவென்று எங்கள் தலையில் வந்து இறங்கியது. முன் வரிசை முழுக்கக் கண்ணைக் கசக்கியது. மேடையில் என் மாமனாரும் அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று வீடியோக்காரர் பக்கத்தில் போய் எடுத்தார்.

நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றைக் கண்ணால் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. முன்னால் இருந்த வாய்களில் புகை கொட்டியது. நடு மண்டபத்தில் லேசாகக் கசிந்தது. பின்னால் இருந்த வாய்களில் ஒன்றுமே இல்லை. பின்வரிசைக்காரர்கள் அழவில்லை, விசிறிக்கொண்டிருந்தார்கள்.

மண்டபத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டு என் கணவரிடம் வந்தார். "தம்பி துபாய்ல இதே வேலைதான்னு சொன்னாங்க. பின்னாடி குளுரவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்."

என் கணவர் இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "மெஷின் பத்தாதுங்க. இன்னொரு மெஷின் போடணும்."

மண்டபத்துக்காரர் முகம் சுருங்கிவிட்டது. என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

"மெஷின் போதுங்க. பொகையப் பாருங்க, எல்லாம் முன்னாடியே கொட்டிடுது. அந்த உத்திரத்துக்குக் கீழ டக்ட்ட அப்பளம் மாதிரி தட்டையாக்கியிருக்கீங்க. அதத் தாண்டி ரெண்டு முரட்டு வளைவு வேற. காத்து எப்படிப் போகும்?"

"சீலிங் தாழ்வாத் தெரியக் கூடாதுன்னு நான்தாம்மா தட்டையாக்கச் சொன்னேன்."

"அப்புறமா அந்த எடத்துல டக்ட்டப் பக்கவாட்டுல அகலமாக்குங்க. இப்பத்திக்கு முன்னாடி வாயெல்லாம் பாதி மூடச் சொல்லுங்க. கடைமடைக்குத் தானா வரும்."

ஒரு ஆள் ஏணி வைத்து ஏறி முன்பக்கத் தகடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். கொஞ்ச நேரத்தில் பின்சுவரில் கட்டியிருந்த காகிதத் தோரணம் ஆட ஆரம்பித்தது. பின்வரிசையில் விசிறிகள் நின்றன. அந்தத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மாவுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?" என்று மண்டபத்துக்காரர் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டார்.

என் கணவர் சிரித்தார். "எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், புகை தொண்டையை அடைத்துக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. பக்கத்தில் ஓர் உறவுக்கார அம்மாள், "புருஷன் திரும்பக் கிளம்பறாருல்ல, அதான் புள்ளைக்குக் கண்ணு கலங்குது" என்றார்.

சாப்பாட்டுக்கு முன்னால் என் கணவர் மைக்கை வாங்கினார். அப்பாவுக்கு ஒரு பரிசு என்றார். தம்பிக்கும் விசா வந்துவிட்டது, தன் ஆபீஸிலேயே, டக்ட் டிசைனில்தான் என்றார். என் கொழுந்தன் டிப்ளமோவை அரியர் வைத்துத் தட்டுத் தடுமாறி முடித்து மோட்டார் சைக்கிள் ஷோரூமில் இருந்தான். அவனுக்குக் கல்யாணமாகி இன்னும் வருஷம் திரும்பவில்லை. மண்டபமே கைதட்டியது. நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "ஆள் எடுத்தாங்கன்னு சொல்லவே இல்லையே?"

"அவனுக்கும் ஒரு வழி பண்ணணும்ல? ஒனக்கென்ன கொறச்சல், தஞ்சாவூர்லயே வேல இருக்கு" என்றார். என் பெயரைச் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "பாப்போம்" என்றுதான் வரும்.

மறுநாள் மாமனார் என்னைக் கூப்பிட்டார். "சின்னவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடும்மா. அங்க போய் முழிக்கக் கூடாது."

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த வீட்டில் என்னோடு உராய்வைப் பற்றிப் பேச வேறு ஆள் கிடையாது. அட்டவணையை விரித்து வைத்துப் பேசும் நேரம் வரையாவது நான் என் வேலையில் இருந்தேன். கொழுந்தனும் வளைவுகளை மறந்தான், குடும்ப வழக்கம் போலிருக்கிறது. தலையில் குட்டாத குறையாகச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் கொடுத்தேன், கடைமடையை மட்டும் கொடுக்கவில்லை. அது என் ஊருடையது, என்னோடு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் மீனம்பாக்கத்திலிருந்து இருவரும் கிளம்பினார்கள். வழியனுப்ப நானும் கொழுந்தன் மனைவியும் போயிருந்தோம். உள்ளே போவதற்கு முன்னால் கொழுந்தன் என்னிடம் வந்தான்.

"அண்ணி, வண்டியில நீங்க தூங்கிட்டிருந்தப்ப அண்ணன் ஒண்ணு சொல்லிக் குடுத்துச்சு. கடைமடைன்னு. பலகைய இறக்கற மாதிரியே டேம்பர மூடணுமாம். செம அண்ணி, சட்டுனு புரிஞ்சிருச்சு."

"நல்லது. மறந்துடாதப்பா" என்றேன்.

இருவரும் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போய்க் கையசைத்தார்கள். கொழுந்தன் மனைவி என் தோளில் சாய்ந்து விக்கி விக்கி அழுதாள். "எப்படிக்கா தாங்குனீங்க, இத்தன நாளா?" என்றாள்.

நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தோளில் மாட்டியிருந்த பைக்குள் என் பாஸ்போர்ட் இருந்தது. எதற்குக் கொண்டுவந்தேன் என்று கேட்டால் பதில் தெரியாது. அதில் ஒரு முத்திரைகூட விழுந்ததில்லை. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, இந்தத் தடவை புகையைச் சாக்குச் சொல்ல முடியாது. அவள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள், புருஷன் போகிறானே என்று அழுதாள். நான், நான் போகவில்லையே என்று அழுதேன்.